ஒரு மன்னர், ஒரு முதுகெலும்பு, இரண்டு தீர்ப்புகள்... இரண்டாம் ராம்சேஸின் எக்ஸ்-ரே கதை!

காலையில எழுந்ததும் முதுகு விறைப்பா இருக்கா? எவ்வளவு நேரம் இருக்கு? நடந்தா குறையுதா, படுத்தா குறையுதா?

முதுகுவலின்னு போனா, டாக்டர் உங்ககிட்ட முதல்ல கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நீங்க பதில் சொல்லிடுவீங்க. ஆனா, 3,200 வருஷத்துக்கு முன்னாடி இறந்துபோன ஒரு நோயாளிகிட்ட இதையெல்லாம் எப்படிக் கேட்கிறது? அவர் ஒரு சக்கரவர்த்தி வேற. பேர், இரண்டாம் ராம்சேஸ். எகிப்தை 66 வருஷம் ஆண்டவர்.

இவருடைய முதுகெலும்பை எக்ஸ்-ரே எடுத்த மருத்துவர்கள் ஒரு நோயின் பேரைச் சொன்னாங்க. பல வருஷம் கழிச்சு அதே முதுகெலும்பைப் பார்த்த வேறு மருத்துவர்கள், அந்த நோயே இல்லைன்னு சொல்லிட்டாங்க. நடுவுல என்ன நடந்துச்சு? அதைத் தெரிஞ்சுக்கிட்டா, நாளைக்கு உங்க கையில ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் வரும்போது அதை எப்படிப் பார்க்கணும்னு புரியும். முதல்ல மன்னரைப் பார்த்துட்டு வந்துடுவோம்.

படைவீரர் வீட்டுப் பேரன்

ராம்சேஸின் குடும்பம் பரம்பரை அரச குடும்பம் இல்லை. இவருடைய தாத்தா முதலாம் ராம்சேஸ், படைத் தளபதியா இருந்தவர். அவருக்கு முன்னாடி ஆண்ட ஹோரெம்ஹெப் மன்னருக்கு வாரிசு இல்லாததால, அரியணை இவர் கைக்கு வந்துச்சு. அடுத்து அவர் மகன் முதலாம் சேத்தி. சேத்திக்கும் ராணி தூயாவுக்கும் பிறந்தவர்தான் நம்ம ஆள். பிறந்தது கி.மு. 1303 வாக்கில்.

சேத்தி தன் மகனைச் சின்ன வயசுலயே வாரிசா அறிவிச்சு, போர்களுக்கும் கூட்டிட்டுப் போனார். புதுசா அரியணை ஏறின குடும்பம் இல்லையா? நாங்கதான் சட்டப்படி ஆளப் பிறந்தவங்கன்னு ஊருக்குக் காட்டிக்கிட்டே இருக்க வேண்டிய கட்டாயம். ராம்சேஸ் பிற்காலத்துல எகிப்து முழுக்கத் தன் சிலையை நட்டு வெச்சதுக்கும், பழைய மன்னர்களின் சிலைகள்மேல்கூடத் தன் பேரைச் செதுக்கினதுக்கும் வேர் இங்கேதான் இருக்கு.

கி.மு. 1279-ல், இருபதுகளின் நடுவுல இருந்தப்போ மன்னரானார். இன்னைக்கு நம்மில் பலர் முதல் வேலையில செட்டில் ஆகப் போராடுற வயசு!

காதேஷ்: ஜெயிக்காத வெற்றி

ஆட்சிக்கு வந்த ஐந்தாவது வருஷம், கி.மு. 1274. இன்றைய சிரியாவில், ஒரோன்டிஸ் ஆற்றங்கரையில இருந்த காதேஷ் நகரத்தைப் பிடிக்கக் கிளம்பினார். எதிரி, இன்றைய துருக்கிப் பகுதியை மையமா வெச்சு ஆண்ட ஹிட்டைட் பேரரசின் மன்னர் முவாடல்லி. ராம்சேஸின் படை நான்கு பிரிவுகளாப் போச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தின் பேர்: அமுன், ரா, ப்தா, சேத்.

வழியில ரெண்டு பேர் வந்து, ஹிட்டைட் படை ரொம்பத் தூரத்துல இருக்குன்னு சொன்னாங்க. நம்பிட்டார். அவங்க எதிரி அனுப்பின ஆட்கள். உண்மையில் ஹிட்டைட் படை காதேஷுக்குப் பின்னாலேயே பதுங்கி இருந்துச்சு. பின்னால வந்துட்டிருந்த ரா பிரிவை எதிரியின் தேர்ப்படை சிதறடிச்சுட்டு, மன்னர் இருந்த கூடாரத்தையே தாக்கிடுச்சு. ராம்சேஸ் தேரில் ஏறி நேரடியா சண்டை போட வேண்டியதாப் போச்சு. சரியான நேரத்துல வேறு வழியா வந்த துணைப்படைதான் காப்பாத்துச்சு.

காதேஷைப் பிடிக்க முடியலை. ஊருக்குத் திரும்பினவர் என்ன செஞ்சார் தெரியுமா? தனி ஆளா எதிரிப் படையை விரட்டினதா கர்னாக், லக்ஸர், அபு சிம்பல்னு கோயில் கோயிலா சுவர் முழுக்கச் செதுக்க வெச்சுட்டார். இன்னைக்கு இருந்திருந்தா சோஷியல் மீடியா டீம் தேவைப்பட்டிருக்காது மனுஷனுக்கு!

ஆனா, இவரை முழுசாக் கிண்டல் பண்ணிட முடியாது. சுமார் 15 வருஷம் கழிச்சு, அதே ஹிட்டைட்களோட சமாதான ஒப்பந்தம் போட்டார். இரு பக்கப் பிரதிகளும் நமக்குக் கிடைச்சிருக்கிற மிகப் பழைய சமாதான ஒப்பந்தம் அதுதான். எகிப்தியப் பிரதி கர்னாக் கோயில் சுவரில் இருக்கு. ஹிட்டைட் பிரதி களிமண் பலகையில கிடைச்சது. அதோட நகல் ஒண்ணு நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்துல இருக்கு. அப்புறம் ஹிட்டைட் இளவரசி ஒருத்தரையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார்.

நெஃபர்தாரியும் நூறு பிள்ளைகளும்

ராணிகள் பலர் இருந்தாலும், நெஃபர்தாரிதான் ஸ்பெஷல். அபு சிம்பலில் அவருக்காக ஒரு தனிக்கோயில். அதன் முகப்புல அவருடைய சிலைகளும் மன்னரின் சிலைகளும் ஒரே உயரம். ராணியின் சிலை மன்னரின் முழங்கால் உயரத்துல நிக்கிறதுதான் எகிப்திய வழக்கம். அதை வெச்சுப் பார்த்தா இது எவ்வளவு பெரிய மரியாதைன்னு புரியும். 1904-ல் கண்டுபிடிக்கப்பட்ட அவருடைய கல்லறையின் வண்ண ஓவியங்கள் இன்னும் பளிச்சுனு இருக்கு.

பிள்ளைகள்? ஏறக்குறைய நூறு பேர். ராம்சேஸ் அவ்வளவு காலம் வாழ்ந்ததால, பட்டத்துக்குக் காத்திருந்த மகன்கள் ஒருத்தர் பின் ஒருத்தரா அவருக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டாங்க. கடைசியில மன்னரானது பதிமூன்றாவது மகன் மெரன்ப்தா. அப்போ அவரே கிழவர்.

ஓட வேண்டிய மன்னர்

இங்கேதான் முதுகு கதைக்குள்ள வருது. எகிப்தில் ஒரு மன்னர் 30 வருஷம் ஆண்டுட்டா, செத் என்கிற திருவிழா நடத்தணும். மன்னருக்கு இன்னும் நாட்டைத் தாங்குற தெம்பு இருக்குன்னு தெய்வங்களுக்கும் மக்களுக்கும் காட்டுற சடங்கு அது. அதுல முக்கியமான பகுதி, எல்லைக் கற்களுக்கு நடுவுல மன்னர் ஓடுறது. பெரும்பாலான மன்னர்களுக்கு இந்த விழா ஒரு தடவை அமைஞ்சாலே பெரிய விஷயம். முதல் விழாவுக்குப் பிறகு மூணு வருஷத்துக்கு ஒரு தடவைங்கிற கணக்குல, ராம்சேஸ் பத்துக்கும் மேற்பட்ட தடவை கொண்டாடினார். முதல் விழாவின்போதே ஐம்பதைத் தாண்டியவர். கடைசி விழாக்களின்போது எண்பதுகளில் இருந்தார்.

சுவர்ச் சிற்பங்களில் எப்பவும் விறைப்பான மார்பு, நேரான முதுகுன்னு இளைஞனாவே இருப்பார். உண்மையான முதுகு எப்படி இருந்துச்சுன்னு தெரிய இன்னும் 3,000 வருஷம் ஆச்சு.

கல்லறையிலிருந்து விமானத்துக்கு

கி.மு. 1213-ல், சுமார் 90 வயசுல இறந்தார். அரசர்களின் பள்ளத்தாக்கில் புதைச்சாங்க. ஆனா, கல்லறைக் கொள்ளையர்கள் தொல்லை. அதனால பிற்கால பூசாரிகள் பல மன்னர்களின் உடல்களை எடுத்து, தெய்ர் எல்-பஹாரி மலையில ஒரு ரகசிய இடத்துல மொத்தமா அடுக்கி வெச்சாங்க. ஒவ்வொருவரும் யாருன்னு குறிப்பும் எழுதி வெச்சாங்க. 1881-ல் அதிகாரிகள் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சப்போ, ராம்சேஸும் அங்கே இருந்தார். 1886-ல் துணியைப் பிரிச்சுப் பார்த்தாங்க. வளைஞ்ச மூக்கு, செம்பட்டை முடி, முன்னால குனிஞ்ச கழுத்து.

1970-களில் கெய்ரோ அருங்காட்சியகத்துல உடல் கெட ஆரம்பிச்சதைக் கவனிச்சாங்க. 1976 செப்டம்பரில் சிகிச்சைக்காக பாரிஸுக்கு விமானத்துல அனுப்பினாங்க. பிரான்ஸ் ராணுவ மரியாதையோட வரவேற்றுச்சு. தொழில் என்கிற இடத்துல மன்னர்னு போட்ட அவருடைய பாஸ்போர்ட் உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். அந்தப் படம் பிற்காலத்துல கம்ப்யூட்டர்ல உருவாக்கினது, நம்பிடாதீங்க!

உடலைத் தின்னுக்கிட்டிருந்தது பூஞ்சைன்னு தெரிஞ்சது. காமா கதிர் செலுத்தி அதை அழிச்சாங்க. கூடவே தலை முதல் கால் வரை எக்ஸ்-ரே. மூக்கு சப்பையாகிடாம இருக்க, உள்ளே மிளகு வெச்சு அடைச்சிருந்தாங்க. ஆமாங்க, நம்ம ரசத்துல போடுற அதே மிளகு! அதன் பூர்வீகம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். பல்லில் சீழ்க்கட்டி, ரத்தக்குழாய்களில் சுண்ணாம்புப் படிவுன்னு முதுமையின் அடையாளங்களும் வரிசையா வெளிவந்துச்சு.

அப்புறம் முதுகெலும்பு. எலும்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மாதிரி தெரிஞ்சது.

முதல் தீர்ப்பு

கழுத்து குனிஞ்சிருக்கு, முதுகெலும்பு இணைஞ்சிருக்கு. மருத்துவர்கள் சொன்ன பேர், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்.

இது முதுகெலும்பில் வர்ற ஒரு வகை அழற்சி மூட்டுவாதம். நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்பைத் தாக்குறதால வருது. வயசானவங்க நோய்னு நினைச்சுடாதீங்க. பெரும்பாலும் 20-களில், சிலருக்கு டீன் ஏஜ்லயே ஆரம்பிக்கும். முதலில் குறி வைக்கிறது, முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போட சேர்ற சாக்ரோ இலியாக் மூட்டை. அங்கே அழற்சி எலும்பை அரிக்கும். அப்புறம் உடம்பு அந்த இடத்தை எலும்பு போட்டே அடைக்கப் பார்க்கும். இது மெள்ள மேலே ஏறும். சிகிச்சை இல்லாம விட்டா, சிலருக்கு வருஷக்கணக்குல முதுகெலும்பு முழுக்க ஒரே தண்டாகிடும். எக்ஸ்-ரேயில அது கணு கணுவா மூங்கில் மாதிரி தெரியும்.

ராம்சேஸுக்கு இந்த நோய்னு சொன்னதும் அவர் வாழ்க்கையே வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சது. காதேஷ் போரின்போது அவருக்கு 29 வயசு. இந்த நோய் தீவிரமா இருக்கிற பருவம். அப்படின்னா, குலுங்குற தேரில் முதுகுவலியோட சண்டை போட்ட வீரரா? இந்த நோய் வந்த பிரபலங்கள் பட்டியலில் மன்னர் பேர் பல வருஷம் இருந்துச்சு. நோயாளிகளுக்கும் அதுல ஒரு ஆறுதல். இந்த முதுகோட ஒருத்தர் 66 வருஷம் ஆண்டிருக்கார்னா சும்மாவா?

இரண்டாவது தீர்ப்பு

2004-ல், கதிரியக்க மருத்துவர்கள் சிலர் பழைய எக்ஸ்-ரே படங்களை மறுபடி எடுத்துப் பார்த்து, கனடாவின் கதிரியக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க முடிவு: இது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இல்லை.

2014-ல் அடுத்த கட்டம். கெய்ரோ பல்கலைக்கழக கதிரியக்க மருத்துவர் சஹர் சலீமும், எகிப்தியத் தொல்லியல் அறிஞர் ஸாஹி ஹவாஸும் 13 அரச மம்மிகளின் சி.டி ஸ்கேன்களை ஆராய்ந்து முடிவை வெளியிட்டாங்க. ஒருத்தருக்குக்கூட ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இல்லை. ஆனா, நாலு பேருக்கு டிஷ் என்கிற வேறொரு பிரச்னை இருந்துச்சு: மூன்றாம் அமென்ஹோதெப், ராம்சேஸ், அவர் மகன் மெரன்ப்தா, மூன்றாம் ராம்சேஸ்.

டிஷ்னா, டிஃப்யூஸ் இடியோபதிக் ஸ்கெலிட்டல் ஹைப்பரோஸ்டோசிஸ். பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. முதுகெலும்புகளின் முன்பக்கமா ஓடுற நீளமான தசைநார், வயசாக ஆக எலும்பா மாறிடுது. அவ்வளவுதான். பொதுவா 50 வயசுக்கு மேல வரும். ஆண்களுக்கு அதிகம். உடல் பருமன், சர்க்கரை நோய் இருக்கிறவங்ககிட்ட அதிகமாப் பார்க்கலாம். விறைப்பு இருக்கலாம், பலருக்குப் பெருசா வலியே இருக்காது. வேற எதுக்கோ எடுத்த எக்ஸ்-ரேயில தற்செயலாத் தெரியவரும்.

படத்துல எப்படிப் பிரிச்சாங்க?

ரெண்டுலயும் முதுகெலும்பு ஒட்டித்தான் இருக்கும். எங்கே, எப்படி ஒட்டியிருக்குங்கிறதுதான் வித்தியாசம்.

முதல் துப்பு, எலும்புப் பாலத்தின் வடிவம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸில் மெல்லிசா, செங்குத்தா, ரெண்டு எலும்புகளின் ஓரத்தையும் தையல் போட்ட மாதிரி இணைக்கும். டிஷ்ல தடிமனா, மெழுகுவத்தி உருகி வழிஞ்ச மாதிரி, குறைஞ்சது நாலு எலும்புகளின் முன்பக்கமா தொடர்ந்து இறங்கும். மார்புப் பகுதியில பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும். இடப்பக்கம் துடிச்சுக்கிட்டே இருக்கிற பெருந்தமனி அங்கே எலும்பு வளர விடுறதில்லைங்கிறது மருத்துவர்களின் கணிப்பு.

இரண்டாவது, முதுகெலும்புகளுக்குப் பின்னால இருக்கிற சின்னச் சின்ன மூட்டுகள். முதல் நோயில் இவையும் ஒட்டிடும். டிஷ்ல தப்பிச்சுடும்.

மூன்றாவதுதான் முக்கியமான சாட்சி: சாக்ரோ இலியாக் மூட்டு. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இவ்வளவு தூரம் முத்தியிருந்தா, அந்த மூட்டு அரிச்சோ, முழுசா ஒட்டியோ இருக்கணும். ராம்சேஸுக்கு அந்த அரிப்பும் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

எக்ஸ்-ரே என்பது நிழல். முன்னால இருக்கிறது, பின்னால இருக்கிறது எல்லாம் ஒரே படத்துல ஒண்ணுமேல ஒண்ணு விழும். சாக்ரோ இலியாக் மூட்டு சாய்வா, வளைவா இருக்கிறதால எக்ஸ்-ரேயில படிக்கிறது ரொம்பக் கஷ்டம். சி.டி ஸ்கேன், பிரெட்டைத் துண்டு போடுற மாதிரி உடம்பைத் துண்டு துண்டாக் காட்டும். 1976-ல் அது மருத்துவமனைகளுக்குள்ள அப்போதான் நுழைஞ்சுக்கிட்டிருந்த தொழில்நுட்பம்.

ஆக, இப்போ நமக்குக் கிடைச்சிருக்கிற ராம்சேஸ் வேற ஆள். இளமையில வலியோட தேர் ஓட்டினவர் இல்லை. வயசான காலத்துல, முதுகு மெள்ள இறுகிப்போன தாத்தா. சுவர்ச் சிற்பத்துல இருந்த மன்னரும் இல்லை, முதல் எக்ஸ்-ரே காட்டின மன்னரும் இல்லை.

இதுல உங்களுக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்கு. ராம்சேஸுக்கு இல்லாத அந்த நோய், உங்க வயசுக்காரங்களைத்தான் தேடி வருது.

இந்த நோயின் ஆரம்பத்துல எக்ஸ்-ரே பெரும்பாலும் நார்மலா இருக்கும். ஏன்னா, எக்ஸ்-ரே காட்டுறது அழற்சி விட்டுட்டுப்போன தழும்பை. தழும்பு விழவே வருஷங்கள் ஆகும். எக்ஸ்-ரே நார்மல், சேர்ல உட்கார்ந்தே வேலை செய்றதால வர்ற வலின்னு விட்டுட்டு, வருஷக்கணக்குல வலி மாத்திரையோட ஓட்டுறவங்க நிறைய.

அழற்சியை அது நடக்கும்போதே பிடிக்கிறது எம்.ஆர்.ஐ. எலும்பு மஜ்ஜைக்குள்ள கோத்திருக்கிற நீரை அது காட்டிடும். கதிர்வீச்சும் கிடையாது. ஒரு ட்விஸ்ட் என்னன்னா, இந்த வசதி ராம்சேஸுக்குப் பயன்படாது. எம்.ஆர்.ஐ படம் பிடிக்கிறது உடம்புல இருக்கிற நீரை நம்பித்தான். மம்மி ஆக்கினவங்க உப்பு போட்டு நீரையெல்லாம் உறிஞ்சிட்டாங்களே!

இன்னொரு விஷயம். முதுகுவலின்னதும் வழக்கமா எடுக்கிற எம்.ஆர்.ஐ, இடுப்புக்கு மேல இருக்கிற டிஸ்க்கைப் பார்க்கிறதுக்கு. அதுல சாக்ரோ இலியாக் மூட்டு சரியாத் தெரியாமப் போகலாம். அந்த மூட்டுக்குனு தனியா எடுக்கணுமானு டாக்டர்கிட்ட கேளுங்க.

சரி, யார் சந்தேகப்படணும்?

* 45 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்ச முதுகுவலி, மூணு மாசத்துக்கு மேல நீடிச்சா...
* காலையில அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு இருந்தா...
* ஓய்வெடுத்தா குறையாம, நடந்தா, உடற்பயிற்சி செஞ்சா குறைஞ்சா...
* பின்னிரவுல வலி தூக்கத்தைக் கெடுத்தா...
* புட்டத்துல மாறி மாறி வலி, கண் சிவந்து வலிக்கிறது, குதிகால் வலி, சொரியாசிஸ், குடும்பத்துல யாருக்காவது இந்த நோய்னு ஏதாவது இருந்தா...

ருமட்டாலஜிஸ்ட் எனும் மூட்டுவாத சிறப்பு மருத்துவரைப் பாருங்க. ஹெச்.எல்.ஏ - பி27 என்கிற ரத்தப் பரிசோதனையும் சொல்லலாம். அது பாசிட்டிவ்னு வந்தாலே நோய் இருக்குன்னு அர்த்தம் இல்லை. நெகட்டிவ்னா நோயே இல்லைன்னும் அர்த்தம் இல்லை. சீக்கிரம் கண்டுபிடிச்சா, முறையான உடற்பயிற்சி, மாத்திரைகள், தேவைப்பட்டா பயாலஜிக் ஊசிகள்னு கட்டுப்படுத்த இன்னைக்கு வழி இருக்கு. புகைபிடிக்கிறவங்களுக்கு இந்த நோய் மோசமாகும், விட்டுடுங்க.

எதிர்ப்பக்கமும் ஒரு எச்சரிக்கை. எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்ல அந்த மூட்டுல நீர்க்கோத்திருக்குனு வந்ததும் கூகுள்ல தேடி ராத்திரி தூக்கத்தைத் தொலைக்காதீங்க. கடுமையா ஓடுற விளையாட்டு வீரர்களுக்கும், குழந்தை பெற்ற பெண்களுக்கும்கூட அப்படித் தெரியலாம். படத்துக்குப் பக்கத்துல உங்க கதையையும் வெச்சுப் பார்த்தாதான் டாக்டரால ஒரு முடிவுக்கு வர முடியும்.

ராம்சேஸ் விஷயத்துல குறைஞ்சது அதுதான். 2021 ஏப்ரலில் கெய்ரோ வீதிகளில் 22 அரச மம்மிகளை ஊர்வலமா புது அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாங்களே, அதுல அவரும் போனார். இப்போ அங்கேதான் படுத்திருக்கார். அவருடைய காலைகள் எப்படி விடிஞ்சதுன்னு அவரால யாருக்கும் சொல்ல முடியாது. உங்களால முடியும். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது ஸ்கேன் ஃபைலை நீட்டுறதுக்கு முன்னாடி, காலையில எழுந்ததும் முதுகு எத்தனை நிமிஷம் விறைப்பா இருக்குன்னு ஒரு வாரம் போன்ல குறிச்சு வெச்சுட்டுப் போங்க.